முன்பணமும் முகங்களும்: லண்டன் மார்ல்பரோ கூடத்தின் மனித உருவ ஓவியர்கள்

1958 அக்டோபர் 16 அன்று ஃபிரான்சிஸ் பேக்கன் லண்டனில் ஒரு பத்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஒப்பந்தம் போட்டது மார்ல்பரோ ஃபைன் ஆர்ட் என்னும் ஓவிய விற்பனைக் கூடம். அதில் ஓவியங்களுக்கு அளவு பார்த்து விலை குறித்திருந்தார்கள். 24க்கு 20 அங்குலப் படம் என்றால் 165 பவுண்டு. 78க்கு 65 அங்குலப் படம் என்றால் 420 பவுண்டு. ஆண்டுக்கு 3,500 பவுண்டு பெறுமானமுள்ள படங்களைத் தர முயல்வதாகப் பேக்கன் ஒப்புக்கொண்டார். அவர் தலைமேல் நின்ற சூதாட்டக் கடன் 1,242 பவுண்டையும் கூடமே அடைத்தது. அலறும் போப்பாண்டவர்களை வரைந்து ஐரோப்பாவையே திடுக்கிட வைத்த ஓவியருக்கு, ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதுபோல அங்குலக் கணக்கில் விலை பேசியிருக்கிறார்கள்.

கலைஞனை வியாபாரி விலைக்கு வாங்கிய கதையாக இதைப் படித்துவிட்டுப் போவது எளிது. கலை விமர்சகர்களில் பலர் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் கொடுக்கல் வாங்கலைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், கூடம் கொடுத்த பணம் படத்துக்கு மட்டும் ஆனதல்ல என்று தெரிகிறது. இன்னும் வரையாத படத்துக்கும், வரைந்து கிழித்தெறியப்போகும் படத்துக்கும் சேர்த்தே அந்த முன்பணம். ஓர் ஓவியர் ஒரே மனிதரின் முகத்தை இருபது, முப்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமானால், அத்தனை காலத்துக்கும் வாடகையை யாரோ கட்டியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டனில் மனித உருவ ஓவியம் அணையாமல் இருந்ததற்குக் கொள்கையோ இயக்கமோ முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. முன்பணமே முதல் காரணம். அந்த முன்பணத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அது பிறகு நீதிமன்றங்களில் வெளிப்பட்டது.

மார்ல்பரோவைத் தொடங்கிய இருவரும் நாஜிகளுக்குத் தப்பி ஓடிவந்த வியன்னா யூதர்கள். ஃபிராங்க் லாய்டின் பிறவிப் பெயர் ஃபிரான்ஸ் குர்ட் லேவாய். ஹாரி ஃபிஷர் வியன்னாவில் புத்தக வியாபாரம் செய்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தின் பயோனியர் படைப்பிரிவில் பழக்கமானவர்கள், போர் முடிந்ததும் 1946-ல் ஓல்ட் பாண்ட் தெருவில் கடை திறந்தார்கள். 1948-ல் டேவிட் சோமர்செட் சேர்ந்தார். பின்னாளில் போஃபர்ட் பிரபு ஆனவர் அவர். போருக்குப்பின் வரிச்சுமை தாங்காமல் பழைய செல்வக் குடும்பங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களை விற்றுக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக் கதவுகள் சோமர்செட்டுக்குத் திறந்தன. பிரெஞ்சு இம்ப்ரஷனிஸ்ட் ஓவியங்களை வாங்கி விற்று வந்த லாபம்தான் பிறகு உயிரோடிருந்த ஓவியர்கள்மேல் பணம் போடும் துணிச்சலைக் கொடுத்தது. இறந்தவர்கள் உயிரோடிருந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள் என்றே சொல்லலாம்.

பேக்கன் வருவதற்குமுன் அவருடைய படங்களைக் காட்டி வந்தவர் ஹானோவர் கேலரியின் எரிகா பிரவுசன். 1946-ல் பேக்கன் வரைந்த ஒரு பெரிய படத்தை 200 பவுண்டுக்கு வாங்கியவர், இரண்டே ஆண்டில் அதை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் சேர்த்தவர், 1949-ல் தன் கூடத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தவர் எல்லாம் அவரே. அந்த நன்றியைப் பேக்கன் காட்டவில்லை. கடனை அடைக்கப் பிரவுசனிடம் பணமில்லை, மார்ல்பரோவிடம் இருந்தது. கதை அவ்வளவுதான். சிறு கூடம் ஓவியரைக் கண்டுபிடிக்கும், பெரிய கூடம் தூக்கிக்கொண்டு போகும் என்பது ஓவியச் சந்தையில் இன்றைக்கும் நடக்கிற சங்கதி.

அந்தக் காலத்து லண்டனில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் பார்க்க வேண்டும். 1958 நவம்பரில் ஒயிட்சேப்பல் கேலரியில் அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் பொல்லாக். 1959-ல் டேட் கேலரியில் 'புதிய அமெரிக்க ஓவியம்'. 1960-ல் 'சிச்சுவேஷன்' என்ற கண்காட்சி. அதில் இடம்பெற இரண்டு நிபந்தனைகள்: படம் அரூபமாக இருக்க வேண்டும், முப்பது சதுர அடிக்குக் குறையக் கூடாது. கண், மூக்கு, தோள் என்று வரைந்துகொண்டிருந்தவர்கள் பழம்பஞ்சாங்கங்களாகத் தெரிந்த காலம். அதற்காக மார்ல்பரோவை மனித உருவத்தைக் காத்த கோட்டை என்று புகழவும் முடியாது. 1961-ல் பொல்லாக்கின் படங்களை அதே கூடம் காட்டியது. பிறகு இன்னோர் அரூப ஓவியரான மார்க் ராத்கோவையும் காட்டியது. லாய்டுக்குக் கொள்கை கிடையாது. விலை ஏறும் என்று தோன்றியதை வாங்கிப் போட்டார், அதில் மனித உருவமும் இருந்தது. கொள்கை இல்லாததே அந்த ஓவியர்களுக்கு நல்லதாக முடிந்தது என்பேன். கொள்கை வைத்திருந்த கூடமாக இருந்தால் அன்றைய காற்றோடு போயிருக்கும்.

முன்பணம் படத்துக்குள் எப்படி இறங்கியது என்பதைப் பார்க்கப் பேக்கன், ஃபிராங்க் அவர்பாக் இருவரையும் எடுத்துக்கொள்ளலாம்.

பேக்கன் கேன்வாஸின் பின்பக்கத்தில் வரைபவர். பூச்சு பூசிய முன்பக்கத்தில் தவறினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பூசாத துணி எண்ணெய் வண்ணத்தைக் குடித்துவிடும், போட்ட கோடு போட்டதுதான். ஆகவே சரியாக வராத படத்தைக் கத்தியால் கிழிப்பது ஒன்றே வழி. அவருக்கு அந்தப் பழக்கம் வெறியாகவே இருந்தது. நல்ல படத்தையும் இன்னும் கொஞ்சம் நன்றாக்கப் போய்க் கெடுத்துவிட்டுக் கிழிப்பார். இதற்கு மார்ல்பரோ கண்ட மருந்து வேலரி பெஸ்டன் என்ற பெண்மணி. கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'மிஸ் பெஸ்டன்'. பேக்கனின் ரசீதுகளைக் கட்டுவது, சலவைத்துணியைக் கவனிப்பது, பயண ஏற்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. இவற்றைவிட முக்கியமான வேலை, படம் முடிந்தது என்ற வாடை வந்ததுமே, ஓவியர் மனம் மாறுவதற்குள் ஆளை அனுப்பி அதைத் தூக்கிவரச் செய்வது. படம் எப்போது முடிந்தது என்று தீர்மானிப்பது ஓவியரின் உரிமை என்பார்கள். பேக்கன் விஷயத்தில் அந்தத் தீர்மானத்தில் பாதி மிஸ் பெஸ்டனுடையது. இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் பேக்கன்களில் எத்தனை அவர் கையால் பிழைத்தவை என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. 1992-ல் பேக்கன் இறந்தபின் ரீஸ் மியூஸில் இருந்த அவருடைய வேலையறையை அப்படியே பெயர்த்து டப்ளினின் ஹியூ லேன் கேலரிக்குக் கொண்டுபோனபோது, அங்கே 7,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. அவற்றில் கிழிக்கப்பட்ட கேன்வாஸ்கள் மட்டும் சுமார் நூறு. மார்டின் ஹாரிசன் 2016-ல் வெளியிட்ட முழுப் பட்டியலில் உள்ள பேக்கன் ஓவியங்கள் 584. அந்த எண்ணிக்கையோடு இந்த நூறை வைத்துப் பாருங்கள்.

அவர்பாக் கதை இதற்கு நேர்மாறு. பெர்லினில் 1931-ல் பிறந்தவர். எட்டு வயதுகூட நிறையாதபோது பெற்றோர் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். 1954 முதல் வடக்கு லண்டன் கேம்டனில் ஒரே வேலையறை. அதைச் சுற்றியுள்ள தெருக்களும், வாராவாரம் வந்து உட்காரும் நாலைந்து பேரும்தான் அவருடைய உலகம். ஜே.ஒய்.எம். என்று படத்தலைப்புகளில் வரும் ஜூலியட் யார்ட்லி மில்ஸ், புதன், ஞாயிறு என்று வாரம் இருமுறை, ஏறக்குறைய நாற்பது ஆண்டு வந்து உட்கார்ந்தார். அன்றன்று வரைந்ததை அன்றன்றே சுரண்டி எடுத்துவிட்டு அடுத்தமுறை புதிதாகத் தொடங்குவார் அவர்பாக். கரிக்கோட்டில் வரைந்த தலைகளும் அப்படித்தான். அழித்து அழித்துத் தாள் கிழிந்துபோய், ஒட்டுப்போட்ட தாளின்மேல் மறுபடி வரைந்திருப்பார். 2024-ல் லண்டன் கோர்ட்டோல்ட் கேலரியில் அந்தத் தலைகளை வரிசையாக வைத்தபோது, ஒட்டுப்போட்ட விளிம்புகள் முகத்தின் தழும்புகளைப் போலவே துருத்திக்கொண்டு நின்றன.

ஐம்பதுகளில் அவர்பாக்கின் எண்ணெய் ஓவியங்கள் மண் நிறத்திலேயே இருக்கும். காவி, கறுப்பு, வெள்ளை. வண்ணம் அப்பி அப்பி விரல் தடிமனுக்கு ஏறி நிற்கும். அந்த நிறங்களுக்கு விமர்சகர்கள் என்னென்னவோ விளக்கம் எழுதினார்கள்: போர்க்கால லண்டனின் இடிபாடு, யூதத் துயரம், மண்ணுக்குத் திரும்பும் உடல். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஓவியரே சொன்ன காரணம் வேறு. மண் வண்ணங்கள்தான் மலிவு, அந்தத் தடிமனுக்கு அப்ப அவற்றைத்தான் வாங்க முடிந்தது. 1965-ல் ஹெலன் லெஸ்ஸோர் நடத்திவந்த போ-ஆர் கேலரி மூடப்பட்டது. அவர்பாக்கை முதலில் காட்டிய கூடம் அது. அதே ஆண்டில் அவர் மார்ல்பரோவுக்கு வந்தார். கையில் காசு வந்தது. படத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வந்தன. மார்னிங்டன் கிரெசன்ட் தெருக்காட்சிகள் ஒளிர ஆரம்பித்தன. ஓவியத்தின் பாணி மாறியதற்கு ஆன்மாவில் காரணம் தேடுமுன் வண்ணக்குழாயின் விலையையும் ஒருமுறை விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1986-ல் வெனிஸ் பினாலேயில் சிக்மர் போல்கேயோடு பகிர்ந்து தங்கச் சிங்கம் வாங்கினார் அவர்பாக். மார்ல்பரோவுக்கு வந்து அதற்குள் இருபத்தோரு ஆண்டுகள். அத்தனை நாள் பொறுத்திருக்க எந்த அரசு உதவித்தொகைக்கும் நெஞ்சு கிடையாது.

லூசியன் ஃப்ராய்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1958-லேயே அவருடைய கண்காட்சியை மார்ல்பரோ வைத்தது, எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் விலகிப்போனார். அவருடைய பெரும்புகழ் பிற்பாடு வேறு கூடங்களில் விளைந்தது.

இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெயர் வைத்தவர் ஆர்.பி. கிட்டாய். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்து, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர். 1963-ல் மார்ல்பரோவில் முதல் தனிக் கண்காட்சி. படங்களுக்குப் பக்கத்தில் நீண்ட குறிப்புகளும் எழுதி வைப்பார். 1976-ல் ஆர்ட்ஸ் கவுன்சிலுக்காக ஹேவர்ட் கேலரியில் 'மனிதக் களிமண்' என்ற கண்காட்சியைத் தொகுத்தபோது, அதன் முன்னுரையில் 'லண்டன் பள்ளி' என்று ஒரு சொல்லைப் போட்டு வைத்தார். பொதுப் பணத்தில் நடந்த கண்காட்சி அது, ஆனால் பலன் தனியார் கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயரோடு வழக்கமாகச் சொல்லப்படும் ஆறு பேரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் மார்ல்பரோவில் படம் வைத்தவர்கள். பெயர் சூட்டியவருக்கு மட்டும் முடிவு கசந்தது. 1994-ல் டேட்டில் நடந்த அவருடைய வாழ்நாள் கண்காட்சியைப் பத்திரிகை விமர்சகர்கள் குதறினார்கள். குறிப்பாக அந்தக் குறிப்புகளைக் கேலி செய்தார்கள். சில மாதங்களிலேயே அவருடைய மனைவி, ஓவியர் சாண்ட்ரா ஃபிஷர், இறந்தார். விமர்சகர்கள்தான் அவளைக் கொன்றார்கள் என்று கிட்டாய் சாகும்வரை நம்பினார். 1997-ல் லண்டனை உதறிவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனவர் 2007-ல் இறந்தார். கூடத்தால் ஓவியருக்கு வாடகை கட்ட முடியும், மறுநாள் காலைப் பத்திரிகையிலிருந்து காப்பாற்ற முடியாது.

இதே லண்டனில் அதே ஆண்டுகளில் மனித உருவம் வரைந்த இந்தியர் ஒருவரும் இருந்தார். கோவாவில் பிறந்து 1949-ல் அங்கே போன எஃப்.என். சூசா. 1955-ல் விக்டர் மஸ்கிரேவ் நடத்திய கேலரி ஒன்னில் அவருடைய கண்காட்சி நடந்தது, படங்கள் விற்றுத் தீர்ந்தன. கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் அவரைப் பற்றி எழுதினார். சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவையும் அம்பு தைத்த மனிதர்களையும் சூசா கறுப்புக் கோட்டில் வரைந்தது, பேக்கனின் அலறல்களுக்குச் சற்றும் சளைத்ததல்ல. ஹெரால்ட் காவ்னர் என்ற அமெரிக்கச் செல்வந்தர் 1956 முதல் சுமார் நாலு ஆண்டு அவருக்குத் தவறாமல் பணம் அனுப்பிப் படங்களை வாங்கிக்கொண்டார். சூசா ஓய்வில்லாமல் வரைந்து தள்ளிய காலம் அதுதான். காவ்னரின் ஆதரவு நின்றது, கேலரி ஒன் 1963-ல் மூடியது, 1967-ல் சூசா நியூயார்க்குக்குப் போய்விட்டார். பிரிட்டிஷ் ஓவிய வரலாறு அவரை ஏறக்குறைய மறந்துபோனது. 2018-ல்தான் டேட் பிரிட்டன் பேக்கன், ஃப்ராய்டு படங்களோடு சூசாவையும் ஒரே கண்காட்சியில் வைத்தது. நிறவெறி ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அறுபது ஆண்டு நிலைத்துநின்று, ஒவ்வொரு படத்தையும் சரியான அருங்காட்சியகத்தின் கண்ணில் படவைக்கும் கூடம் ஒன்று அவருக்கு அமையவில்லை என்பதையும் காரணங்களில் சேர்க்க வேண்டும்.

முன்பணம் தரும் கூடம் இல்லாத இடத்தில் ஓவியர் என்ன செய்வார் என்பதற்கு இந்தியாவிலேயே பதில் உண்டு. 1981-ல் பம்பாய் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் 'மனிதர்களுக்கான இடம்' என்ற கண்காட்சி நடந்தது. மனித உருவத்தைக் கதையோடு திரும்பக் கொண்டுவந்த ஆறு பேரின் படங்கள், கலை விமர்சகர் கீதா கபூரின் கட்டுரையோடு. அந்த ஆறு பேரில் பூபேன் கக்கர் பரோடாவில் கணக்காளர் வேலை பார்த்தவர். சுதீர் பட்வர்தன் தானேயில் எக்ஸ்-ரே மருத்துவர். லண்டன்காரர்களுக்குக் கூடம் கொடுத்த காலத்தை இவர்கள் தங்கள் சம்பளத்தில் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். பட்வர்தனின் ரயில் பயணிகளையும் கூலித் தொழிலாளர்களையும் பார்க்கும்போது, காலையிலிருந்து மனித உடல்களின் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவர் மாலையில் வரைந்த உடல்கள் இவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மார்ல்பரோவின் பட்டியலில் கடைசிப் பெரிய பெயர் பவுலா ரேகோ. லிஸ்பனில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர், 1987-ல் கூடத்தில் சேர்ந்தார். ஆண்களே நிறைந்திருந்த இடத்தில் பெண்ணுடல் அதுவரை பார்க்கப்படும் பொருளாகவே இருந்தது. ரேகோ வரைந்த பெண்கள் பார்க்கிறவரைத் திரும்ப முறைத்தார்கள். 1994-ல் 'நாய்ப் பெண்'ணை வரைந்த காலத்தில் எண்ணெய் வண்ணத்திலிருந்து பாஸ்டல் குச்சிக்கு மாறினார். தூரிகை நடுவில் நிற்காமல், விரலாலேயே தாளை அழுத்தி வரையும் முறை அது. 1998-ல் போர்ச்சுகலில் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் வாக்கெடுப்பு, மிகக் குறைந்த பேரே வாக்களித்து, தோற்றது. அந்தக் கோபத்தில் ரேகோ வரைந்த வரிசையில் ரத்தம் கிடையாது. பள்ளிச் சீருடைப் பெண் ஒருத்தி வாளிமேல் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி கட்டிலில் முழங்காலை மடக்கிக் கிடக்கிறாள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கும் முகங்கள். அவற்றையே செப்புத்தகட்டில் செதுக்கி அச்சுப்படங்களாகவும் போட்டார். பெரிய பாஸ்டல் ஓர் இடத்தில்தான் தொங்கும், அச்சுப்படம் பல ஊர்களுக்குப் போகும். 2007-ல் நடந்த இரண்டாவது வாக்கெடுப்பு வென்றது. அதில் இந்தப் படங்களுக்கும் பங்குண்டு என்று போர்ச்சுகலில் பலர் சொல்கிறார்கள். பணக்காரர்களின் வரவேற்பறைக்குப் படம் விற்பதற்கென்றே இருந்த கூடத்தின் அச்சுப்பிரிவு ஓர் அரசியல் வேலைக்கும் ஆகிவந்தது.

இனி மறுபக்கம். 1970-ல் மார்க் ராத்கோ தற்கொலை செய்துகொண்டார். அவருடைய சொத்துப் பொறுப்பாளர்கள் மூவரும் நூறு ஓவியங்களை மார்ல்பரோவின் லீக்டன்ஸ்டைன் நிறுவனத்துக்கு 18 லட்சம் டாலருக்கு விற்றார்கள். மீதி 698-ஐ ஐம்பது சதவீதக் கமிஷனுக்கு விற்பனைக்கு ஒப்படைத்தார்கள். அந்த மூவரில் பெர்னார்ட் ரைஸ் என்பவர் அதே கூடத்தில் பதவி வகித்தவர். ராத்கோவின் மகள் வழக்குத் தொடுத்தார். 1975 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒப்பந்தங்களை ரத்து செய்து, பொறுப்பாளர்களை நீக்கி, லாய்டும் கூடமும் உட்பட எதிர்த்தரப்பினருக்கு 92 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. ஆவணங்களைத் திருத்திய குற்றத்துக்காக 1983-ல் லாய்டு தண்டிக்கப்பட்டார். ராத்கோ அரூப ஓவியர், இந்தக் கட்டுரையின் வட்டத்துக்கு வெளியே நிற்பவர்தான். ஆனால் கணக்குப் புத்தகம் ஒன்றுதான்.

பேக்கன் விஷயத்தில் இப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. 1999-ல் அவருடைய வாரிசுத் தரப்பு, கூடம் ஓவியருக்குக் குறைத்துக் கொடுத்தது, அவரைத் தன் பிடியில் வைத்திருந்தது என்று வழக்குப் போட்டது. மார்ல்பரோ மறுத்தது. 2002-ல் வழக்கு கைவிடப்பட்டது. அவரவர் செலவு அவரவர்க்கு, கூடத்திடமிருந்த பேக்கன் ஆவணங்கள் வாரிசுத் தரப்புக்கு என்று முடிந்தது. என் கணிப்பு இது: பேக்கனின் வாடகையையும் வரியையும் சலவையையும் கூடமே பார்த்துக்கொண்டதால், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று பார்க்கும் பழக்கமே அவருக்கு இல்லாமல் போயிற்று. காலத்தைக் கொடுத்தவரிடம் கணக்குக் கேட்பது கடினம். இதில் ஏமாற்று இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. கணக்கு ஒருவர் கையிலேயே இருந்தது என்பதே போதுமான கோளாறு.

2024 ஏப்ரலில் மார்ல்பரோ மூடுவிழா அறிவித்தது. ஜூன் முதல் லண்டன், நியூயார்க், மாட்ரிட், பார்சலோனா எல்லா இடத்திலும் கண்காட்சி நின்றது. கையிருப்பில் 15,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன, அவற்றின் மதிப்பு 25 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. அதே ஆண்டு நவம்பரில் அவர்பாக் 93 வயதில் இறந்தார். படங்களுக்கு வாங்குவோர் கிடைப்பார்கள், அதைப் பற்றிக் கவலையில்லை. கவலை கணக்கேடுகளைப் பற்றியது: யாருக்கு எந்த மாதம் எவ்வளவு முன்பணம் போனது, எந்தப் படம் எத்தனை ஆண்டு விற்காமல் கிடந்தது, யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்லும் ஏடுகள். அவை ஏதாவது ஒரு பொது ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர் கைக்கு எட்டும்படி வைக்கப்பட வேண்டும். சென்னையிலும் மும்பையிலும் நாற்பது, ஐம்பது ஆண்டாகக் கூடம் நடத்துபவர்களுக்கும் இதே வேண்டுகோள். கண்காட்சி அழைப்பிதழ்களையும் பட்டியல்களையும் பத்திரப்படுத்துகிறீர்கள், நல்லது. ரசீதுப் புத்தகங்களையும் கடிதக் கோப்புகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.